போற போக்குல நட்ட கழி

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே ஆளான நைனாவுக்கு,

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. வருஷத் திதிக்குப் பேனர் வைக்கவேண்டும் என்று குப்பத்துப் பையன்கள் என் தையல் கடைக்கு வந்து நின்றார்கள். கோட்டு போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் உன் தலையை ஒட்டி, கீழே 'ஏரி காத்த ஏந்தல்' என்று அடிப்பார்களாம். உயிரோடு இருந்தவரை சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டு உன்னை யாராவது பார்த்திருக்கிறார்களா? வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்ததும் கோயிலுக்குப் பக்கத்தில் ஊர்ச் சேதி எழுதும் பலகையில் ஒட்டப்போகிறேன். நம் குப்பமும் படிக்கட்டும், அக்கரைக் குப்பத்துக்காரர்களும் வந்து படிக்கட்டும். உன்னைப் பற்றிப் பஞ்சாயத்தில் நான் சொன்னதில் பாதி பாக்கி நிற்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் படிப்பாயா என்று தெரியாது. படித்தாலும் பாதியில் மடித்து வைத்துவிட்டு எங்காவது கிளம்பிவிடுவாய்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வாயில் வருவது உன் பெயர் இல்லை. 'போற போக்குல' என்கிற உன் சொல்தான். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். என்ஜினுக்கு நட்டு வாங்கப் பொன்னேரிக்குப் போனவன் மறுநாள் மொட்டைத் தலையும் லட்டுமாக வந்து நின்றாய். அம்மா கத்தினாள். நீ துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே, "திருப்பதி பஸ்சு நின்னுனு இருந்துச்சு. போற போக்குல ஏறிட்டேன்" என்றாய். நட்டு வாங்கினாயா என்றால் அதுதான் இல்லை.

படகுக்கு ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை அடித்தது யார்? கடைக்காரரிடம் மீந்த பெயிண்ட் இருந்ததாம். ஏரியில் எதிரே வருகிறவர்கள் உன் படகை இரண்டு படகு என்று நினைத்தார்கள். எனக்கு வீட்டில் லட்சுமி என்று பெயர் வைத்திருந்தார்கள். பதிந்துவிட்டு வரச் சொல்லி உன்னை அனுப்பினால், வரிசையில் முன்னால் நின்றவள் குழந்தையின் பெயர் நன்றாக இருக்கிறது என்று அஞ்சலை என்று எழுதிக்கொண்டு வந்தாய். அந்த இன்னொரு அஞ்சலை எங்கே இருக்கிறாளோ, நான் அவள் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

ஊர்த் தலைவர் ஆனதாவது யோசித்து ஆனாயா? கூட்டத்தில் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. உனக்கு முட்டி வலி, உட்கார்ந்துவிட்டாய். நீ சம்மதித்துவிட்டதாக எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சாகும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தாய். இதைச் சொன்னால் இன்றைக்குப் பையன்கள் நம்புவதில்லை.

நான் தையல்காரி. அளவு எடுக்காமல் கத்தரியைத் தொடமாட்டேன். ஒரு பிளவுஸுக்கு நான் யோசிக்கிற அளவு நீ ஒரு கல்யாணத்துக்கு யோசித்ததில்லை. பஜாருக்குப் பின்னால், சந்தின் கடைசியில் இருக்கிற என் கடைக்குத் தினமும் வருவாய். நான் பட்டுத் துணியை விரித்து வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து வடைப் பொட்டலத்தை அதன் மேலேயே வைப்பாய். எண்ணெய் இறங்கிவிடும். நான் பல்லைக் கடித்தால், "போற போக்குல வந்தேம்மா. சாப்புடு, ஆறிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாய். எத்தனை தடவை உன்னோடு சண்டை போட்டிருப்பேன். பேஜாரான மனுஷன் நைனா நீ.

இதெல்லாம் நம் வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. ஏரியின் நடுவில் ஒரு கழியை நட்டுவிட்டுப் போனாயே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்கு நானும் படகில் இருந்தேன். சின்னவள் வள்ளியின் கல்யாணத்துக்குச் சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பினோம். படகு தள்ளுகிற உன் பழைய கழி வெடித்துச் சிம்பு சிம்பாக நின்றது. அங்கேயே புதிதாக ஒரு கழி வாங்கிப் படகில் போட்டிருந்தாய். ஆனாலும் பழையதாலேயே தள்ளிக்கொண்டு வந்தாய், ஏன் என்று கேட்கவில்லை, கேட்டு என்ன பிரயோசனம். பாதி ஏரியில் உள்ளங்கையில் சிம்பு ஏறிவிட்டது. திட்டிக்கொண்டே அந்தக் கழியை அப்படியே சேற்றில் குத்தி இறக்கினாய்.

அதோடு விட்டாயா? பத்திரிகை கொண்டுபோன மஞ்சப்பையில், சித்தி கொடுத்தனுப்பிய மீன் குழம்பு கொட்டி நாறிக்கொண்டிருந்தது. அந்தப் பையைக் கழியின் தலையில் மாட்டினாய். "எதுக்கு நைனா?" என்றேன். "இருக்கட்டும். போற போக்குல நட்டேன். அத்த தூக்கினு வூட்டுக்குப் போவணுமா?" என்று சொல்லிப் புதுக் கழியை எடுத்தாய். நடந்தது இவ்வளவுதான். நம் குப்பத்துக்கும் சின்னவளைக் கொடுத்த அக்கரைக் குப்பத்துக்கும் நடுவில், அக்கரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில், அந்தக் கழி நின்றுகொண்டது.

சின்னவள் அக்கரைக்கு வாழப் போனாள். அடுத்த வருஷமே நீயும் போய்விட்டாய். வலை பிரித்துக்கொண்டிருந்தவன் படகில் சாய்ந்தாய், அவ்வளவுதான். காய்ச்சல் தலைவலி என்று ஒரு வார்த்தை இல்லை. வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. சாவதையாவது கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யக்கூடாதா? இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உன் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நீ செத்த பிறகுதான் பெரிய மனுஷன் ஆனாய். உன்னை 'கிறுக்குத் தலைவரு' என்றவர்கள் எல்லாரும், "அவரு ஒண்ணு செஞ்சா அதுல ஒரு கணக்கு இருக்கும்" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் முகத்துவாரம் தூர்ந்துபோய், ஏரியில் இறால் ஒதுங்குகிற இடம் மாறியது. எங்கே மாறியது தெரியுமா? உன் கழி நின்ற இடத்துக்கு. அவ்வளவு பெரிய ஏரியில் அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில், கழி எல்லைக்காக நட்டது, அதைத் தாண்டி அக்கரைக்காரர்கள் வலை போடக்கூடாது என்றார்கள். அக்கரையில் வேறு கதை. பெண்ணைக் கொடுத்த கையோடு அந்த இடத்துப் பாட்டையும், அதாவது முறை வைத்து வலை போடுகிற உரிமையையும், நீ அவர்களுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டாயாம். அதனால்தான் கல்யாண வாரத்தில் மஞ்சள் துணி கட்டிக் கழி நட்டாயாம். நாறின குழம்புப் பை, நைனா. அதற்கு யாரோ குங்குமம் வைத்து, மேலே இன்னும் நான்கு மஞ்சள் துணி சுற்றி, தேங்காய்கூட உடைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அக்கரைக்காரர்கள் நம் ஊர் வலையை அறுத்தார்கள். மறுநாள் நம் ஆட்கள் போய் அவர்கள் வலையை அறுத்தார்கள். அப்புறம் இரண்டு ஊரும் கட்டுப்பாடு போட்டன. அந்த ஊர்க்காரர்கள் இங்கே காலை வைக்கக்கூடாது, இங்கிருந்து யாரும் அங்கே போகக்கூடாது. மீறினால் அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள். கொள்வினை கொடுப்பினை, கல்யாணம் கருமாதி எல்லாம் நின்றுபோனது.

சின்னவளுக்கு அப்போது எட்டு மாதம். தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வரவேண்டிய பெண் அக்கரையில் மாட்டிக்கொண்டாள்.

நான் வளைகாப்புக்கு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தாயிற்று. அவளுக்குப் பச்சைப் பட்டில் பிளவுஸ், வயிறு பெரிதாகும் என்று தையலில் துணி விட்டுத் தைத்தது. கண்ணாடி வளையல், தட்டு, கலவை சாதத்துக்கு அரிசி. எல்லாம் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அவள் போனில் வருவாள். போனில் பேசலாம், முகம் பார்க்கலாம். கையில் வளையல் போட முடியுமா? அவள் வீட்டில் நல்லவர்கள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருநாள் குரலை இறக்கி, "அக்கா, எனக்கு பயமா இருக்கு. அம்மா பக்கத்துல படுக்கணும் போல இருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டு நான் மிஷினில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

இரண்டு ஊரும் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு கூட்டம் வைத்தார்கள். பழவேற்காட்டில், பொது இடத்தில். நடுவில் இருந்து கேட்க பசியாவரத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கழி எல்லையும் இல்லை, சீதனமும் இல்லை, நைனா போற போக்குல நட்டது என்று சொன்னால் சண்டைக்கு வேர் இருக்காது, சின்னவள் வந்துவிடுவாள்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பிடி சொல்லாதடி" என்றாள். உன் பேர் போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். பேரா சின்னவளா என்று கேட்டேன். "உனக்கு இன்னா தெரியும் அந்த மனுஷனப் பத்தி" என்று மட்டும் சொன்னாள். மறுபடி கத்தியை எடுத்து மீனை அறுக்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நிற்பதுதான் வழக்கம். நான் என் வீட்டுக்காரரை, அதுதான் உன் மூத்த மருமகனை, இழுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அந்தக் கழி நட்டபோது படகில் இருந்தது நான்தான் என்றேன். வெடித்த கழி, கையில் ஏறின சிம்பு, குழம்புப் பை எல்லாவற்றையும் சொன்னேன். நம் ஊர்க்காரர்களே முறைத்தார்கள். தகப்பனைக் கேவலப்படுத்துகிறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

நம்பவில்லை என்றார்கள். பையைக் கொண்டுவரச் சொன்னேன். கழியில் கைவைக்க இரண்டு பக்கமும் பயந்தார்கள், தேங்காய் உடைத்தாயிற்றே. கடைசியில் பெரியவர் ஊருக்கு ஒருவராக இரண்டு பேரை ஒரே படகில் அனுப்பினார். சுற்றியிருந்த துணிகளைப் பிரித்தால் உள்ளே பை உப்பில் இற்றுப்போயிருந்தது. கைப்பிடி மட்டும் மிச்சம். அந்தக் கைப்பிடி அறுந்து, என் பிளவுஸ் தைத்து மீந்த பச்சை நைலான் நூலால் நான் இரட்டைத் தையல் போட்டிருந்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா? அதே நூலில் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். காட்டினேன்.

பசியாவரத்துப் பெரியவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், "ஏம்மா, போற போக்குலன்னா இன்னா அர்த்தம்? வேணும்னு நட்டாரா, தெரியாம நட்டாரா? ரெண்டுல ஒண்ண சொல்லு."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்டுச் சலித்த சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. தற்செயல் என்று சொல்லலாமா? கால் தடுக்கி விழுந்தால் அது தற்செயல். சும்மா என்றால்? நீ சும்மா இருந்தால்தான் ஊருக்கே நல்லதாயிற்றே. திடீர் என்று சொன்னால் ஏதோ வேகம் இருந்ததுபோல் ஆகிவிடும். நீ செய்தது எதிலும் வேகமே கிடையாது. போகிறவன் நிற்கமாட்டான், நின்று யோசிக்கமாட்டான், ஆனால் கை வழியில் ஒன்றைச் செய்துவிட்டிருக்கும்.

"ரெண்டும் இல்லீங்க" என்றேன். "தெரியாம நட்டாருன்னு சொல்ல, கழி தானா கைய விட்டு நழுவல. வேணும்னு நட்டாருன்னு சொல்ல, அவரு மனசுல ஒண்ணும் இல்ல. கழி கையில இருந்துச்சு, சேறு கீழ இருந்துச்சு. நட்டாரு. அப்பால போயிட்டாரு."

அக்கரைத் தலைவருக்கு இது ஏறவில்லை. ஏரி நடுவில் ஒரு மனுஷன் காரணமில்லாமல் கழி நடுவானா என்று கேட்டார். அப்போது அக்கரை ஆட்களுக்குப் பின்னால் இருந்து, என்ஜின் ரிப்பேர் செய்கிற கிழவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார், "அவரு நடுவாரு."

யாரோ சிரித்தார்கள். அதோடு எல்லாம் அவிழ்ந்துவிட்டது நைனா. நட்டு வாங்கப் போன இடத்தில் நீ மொட்டை போட்ட கதையை அந்தக் கிழவர் சொன்னார், என்ஜின் அவர் கையில்தானே பிரிந்து கிடந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் படகுப் பெயிண்டைச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்த கதையும் வெளியே வந்தது. கடைசியில் அக்கரைத் தலைவரே துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தன் அப்பா செத்தபோது நீ அந்த வழியாகப் போனவன் எட்டிப் பார்க்க வந்து, கருமாதி முடியும்வரை இருந்து சமைத்துப் போட்டதைச் சொன்னார். நீ யார் என்றே அப்போது அவருக்குத் தெரியாதாம்.

ஒரு சந்தேகம் மட்டும் அவர் விடவில்லை. "செரி, நட்டது போற போக்குல. வாராவாரம் வந்து அந்தக் கழியில படகக் கட்டிட்டு, எங்க கரையப் பாத்துனு உக்காந்திருப்பாரே, அது இன்னாத்துக்கு?" என்று கேட்டார். எனக்கு இது புதுச் சேதி. ஆனால் அந்த இடத்தில் தடுமாறினால் காரியம் கெட்டுவிடும். அம்மா வீட்டில் பீடி பிடிக்க விடமாட்டாள், அதற்கு ஒதுங்கியிருப்பார், அதுவும் போற போக்குலதான் என்று அடித்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. கழியைப் பிடுங்கிவிடுவது, அந்த இடத்தில் பழையபடி இரண்டு ஊரும் முறை வைத்து வலை போடுவது, கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது. வலை அறுத்தவர்கள் அறுபட்டவர்களோடு உட்கார்ந்து வலை பின்னிக் கொடுப்பது. இரண்டு படகு போய் உடனே கழியைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

கலைந்து போகும்போது அக்கரைத் தலைவர் கரையில் நின்று கூப்பிட்டார். "எங்க படகு அக்கரைக்குத்தான் போவுது. போற போக்குல நீயும் ஏறிக்கம்மா. தங்கச்சிய இட்டுனு வந்துடு."

நான் விழித்தேன். நாள் பார்த்தது அடுத்த வாரத்துக்கு. தட்டு இல்லை, வளையல் இல்லை, பட்டு பிளவுஸ் அலமாரியில். அந்த நேரம் எமகண்டமா ராகுகாலமா என்றுகூடத் தெரியாது. ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்ட பெண்ணை இப்படியா கூட்டிவருவது? வேண்டாம், முறைப்படி வருகிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பார்த்தால் என் ஒரு கால் படகுக்குள் இருந்தது. உன் ரத்தம்தானே. உன் மருமகன் நம் படகை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

சின்னவள் நைட்டியில் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே போட்டாள். "இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம?" என்றாள். அவள் மாமியார் அவசரமாகத் தலைவாரிப் பூ வைத்து, தன் கையிலிருந்த வளையலையே கழற்றி அவள் கையில் போட்டு அனுப்பினாள். நல்ல மனுஷி. வெயில் சாய்கிற நேரத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

பாதி ஏரி வந்ததும் சின்னவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். பிடித்து உட்காரவைத்தேன். "கழி எங்கக்கா?" என்று கேட்டாள். பிடுங்கிவிட்டார்கள், பீடை ஒழிந்தது என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுகிறாள். எனக்குப் பயமாகிவிட்டது, வலி வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"நைனா அங்கதான்கா வந்து உக்காந்திருப்பாரு" என்றாள்.

கூப்பிடாமல் சம்பந்தி வீட்டுக்குப் போனால் மரியாதை இல்லை என்று உனக்கு ஒரு வீம்பு. அதனால் கரை ஏறமாட்டாயாம். அந்தக் கழியில் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாயாம். அவள் பாத்திரம் கழுவ வெளியே வந்தால் நீ துண்டை ஆட்டுவாய், அவள் சொம்பைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான், நீ அவிழ்த்துக்கொண்டு போய்விடுவாய். சில நாள் மட்டும் கரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுப்பாயாம். "இன்னா நைனா இவ்ளோ தூரம்னு கேட்டா, போற போக்குல வந்தேம்மா, சாப்புடு, ஆறிடும்னு சொல்லுவாரு" என்றாள்.

எங்கே போகிற போக்கில், நைனா? அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை இருந்தது? உன் வலை வேறு திசையில், மீன் போடுகிற ஏலக்கூடம் வேறு திசையில். தண்ணீர் வற்றின காலத்தில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போகவேண்டிய இடம் அது.

அப்போதுதான் என் கடை ஞாபகம் வந்தது. பஜாருக்குப் பின்னால், சந்தின் கடைசியில், அதற்கு அந்தப் பக்கம் மதில் சுவர். என் கடையைத் தாண்டிப் போக ஒரு இடமும் கிடையாது. அங்கே வருகிறவன் எனக்காக மட்டும்தான் வரமுடியும். இத்தனை வருஷம் உன் வடைப் பொட்டலத்தை முறைத்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? நீயாவது ஒருநாள், உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கக்கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

வீட்டுக்கு வந்ததும், வளைகாப்பு நடத்தாமல் கூட்டிவந்ததற்கு அம்மா என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். சின்னவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எல்லாம் அடங்கினதும் கேட்டேன், உனக்குத் தெரியுமா அம்மா என்று. தெரியும் என்றாள். கரைவரை வந்து வாசல் ஏறாமல் போகிறார் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் சின்னவளைக் குத்திக் காட்டுவார்கள் என்று நீதான் அவள் வாயைக் கட்டிப் போட்டிருந்தாயாம். "நட்டது வேணா போற போக்குல. போனது அப்பிடி இல்லடி" என்றாள்.

இதுதான் நான் பாக்கி வைத்த பாதி. பசியாவரத்துப் பெரியவரும் அக்கரைத் தலைவரும் படிக்கட்டும். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம் அரைகுறை. யோசிக்காமல் செய்ததற்கும் நைனா அதைத்தான் சொல்வார், யோசித்து யோசித்துச் செய்ததை மறைக்கவும் அதையேதான் சொல்வார். பீடி என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர் மகளைப் பார்க்க வந்தார். சின்னவளின் மாமியாரும் இதைப் படித்துவிட்டு, ஏன் சம்பந்தி வாசலுக்கு வரவில்லை என்று இனிமேல் கோபித்துக்கொள்ளட்டும். பதில் சொல்லத்தான் நீ இல்லையே.

இப்போது சின்னவள் அம்மா பக்கத்தில் படுத்து மத்தியானத் தூக்கம் தூங்குகிறாள். வளைகாப்புக்குப் போட்ட பச்சை பிளவுஸ் இப்போது இறுக்கிப் பிடிக்கிறது, தையலைப் பிரித்துவிட வேண்டும். டாக்டர் எந்த நாளும் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளை பிறந்து, அவள் அதைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குத் திரும்பின பிறகு, வாரத்தில் ஒருநாள் நான் கடையைப் பூட்டிவிட்டுப் படகேறுவேன். வடை வாங்கிக்கொள்வேன். உன்னைப் போல நடு ஏரியில் உட்கார்ந்திருக்கமாட்டேன், வாசல்வரை போவேன். "இன்னாக்கா, இவ்ளோ தூரம்?" என்று அவள் கேட்பாள். போற போக்குல வந்தேன் என்று சொல்வேன் நைனா. வாக்குக் கொடுக்கிறேன்.

நீ யாரோ ஒரு குழந்தையின் பெயரை வைத்துவிட்ட,
உன் மூத்த பொண்ணு
அஞ்சலை